மீட்டரில் வைத்த சந்தனம்

எனக்கு முன்கோபம் அதிகம். டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கிய எல்லோருக்கும் இது தெரியும். பால்காரர் தாமதமாக வந்தால் கத்துவேன், வழியில் சைக்கிள் நின்றால் கத்துவேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பாள் என் மனைவி. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவள் நாகப்பட்டினத்துக்காரி. என்னைக் கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த ஊர் மேல் ஒரே ஒரு குறை. "ஆறு இருக்கு, தெருவுக்குத் தெரு குளம் இருக்கு, ஒரு கடல் இல்லையே" என்பாள். லீவில் ஊருக்குப் போனால் திருச்சியில் என் வீட்டோடு சரி. அவளுடைய அப்பா அம்மா போனபிறகு நாகப்பட்டினத்தில் போய் இறங்க அவளுக்கென்று ஒரு வாசல் இல்லை.

நாலைந்து மணி நேரத் தொலைவில் தீகா கடற்கரை இருந்தது. ஆனால் அந்தத் தொண்ணூறுகளில் அங்கே ரயில் கிடையாது, பஸ்தான். பஸ்ஸில் ஏறினால் பத்தாவது நிமிஷம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். காளிகாட்டுக்குக்கூட மெட்ரோவில்தான் போவாள். "கார்னா ஒண்ணும் ஆகாதுங்க. முன் சீட்டுல உக்காந்து ஜன்னலத் திறந்து வச்சுக்குவேன்" என்று அவளே வழியும் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது, சாதம் போடும்போது, "எப்பங்க தீகா?" என்று கேட்பாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தக் கேள்வியும் இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரம் வெறிச்சென்று போயிருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருவழியாக, துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு தரகர் மூலமாகப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினேன். "ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்" என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆபீஸ் ஜீப்பில் ஓட்டப் பழகியதுதான். பானட்டைத் தட்டிப் பார்த்தேன், ஹாரனை அடித்துப் பார்த்தேன், பெரிய நிபுணன் மாதிரி தலையை ஆட்டினேன்.

வங்காளிகள் வண்டிக்கும் இயந்திரத்துக்கும் செய்கிற பூஜையைச் செப்டம்பரிலேயே விஸ்வகர்மா பூஜையோடு முடித்துவிடுவார்கள். நமக்கு நவமியன்றுதானே ஆயுத பூஜை? கீழ்வீட்டு அம்மாள், "இப்ப என்ன வண்டிக்குப் பூஜை?" என்று வங்காளத்தில் கேட்க, இவளும் அதே வங்காளத்தில் நின்று நிதானமாக விளக்கினாள். மார்க்கெட்டுக்குப் போய்ப் போய் அவளுக்கு அந்தப் பாஷை தண்ணீர்பட்ட பாடு. எனக்கு ஆபீஸ் இங்கிலீஷும் அரைகுறை ஹிந்தியும்தான். காரைக் கழுவித் துடைத்து, ஸ்டீயரிங்குக்கு, கியருக்கு, ஹாரனுக்கு, உள்ளே இருந்த ஒவ்வொரு மீட்டர் கண்ணாடிக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. "எல்லாம்தானே நம்மள இழுத்துட்டுப் போகப்போவுது" என்றாள்.

மறுநாள் விஜயதசமி, விடியற்காலையில் கிளம்பினோம். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மடியில் புளியோதரை டப்பா, தலையில் கனகாம்பரம் கிடைக்காததால் ஏதோ ஒரு மஞ்சள் பூ. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கடலுக்குள் முழங்கால் வரைக்கும்தான் இறங்கவேண்டும், செருப்பைக் காரிலேயே விட்டுவிடவேண்டும், நான் கத்தக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டாள். குமட்டல் என்ற பேச்சே இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது யாராவது திருப்பித் தருவதாக இருந்தால் என் பென்ஷன் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் கருகல் வாடை வந்தது. "என்னங்க, ஏதோ தீயுது" என்றாள். "லாரிப் புகை" என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தேன். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல் ஒரு சத்தம் கேட்டது. பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு வண்டி நின்றேபோனது. பிஸ்டன் இறுகி எஞ்சினே பூட்டிக்கொண்டுவிட்டது என்பது பிறகு தெரிந்தது.

என் கண்ணில் பட்டது அந்தச் சந்தனம்தான். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள்ளை அது முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எறிந்தேன். முள் எங்கே நிற்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. "அறிவிருக்கா உனக்கு? மீட்டர் மேல கொண்டுபோய் அப்பி வச்சிருக்கியே! முள்ளு தெரிஞ்சிருந்தா வண்டிய நிறுத்தியிருப்பேன்ல? கடலு கடலுன்னு உயிர எடுத்தியே, போ, இப்படியே நடந்துபோய்ப் பாரு உன் கடல!" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அந்தப் பக்கம் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

அவள் அழவில்லை. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, மிச்சமிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து ஊர்ப் பூஜைப் பந்தலிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். என் வயசுக்காரர்தான். பண்டிகைக்கு உடுத்திய புது ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டி, "தார் காட் தியா, சாப்" என்றார். மீட்டருக்குப் போகும் ஒயரை யாரோ பிளேடு வைத்து அறுத்திருந்தார்கள். ரேடியேட்டர் ஒழுகுவதை மஞ்சள்தூள் போட்டு அடைத்து, சூடு ஏறுவது வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருக்க இந்த வேலை என்று ஹிந்தியில் விளக்கினார். எவ்வளவு கொதித்தாலும் அந்த முள் எழுந்தே இருக்காது. சந்தனம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சாலையைக் கடந்துபோய் இதை அவளிடம் சொல்லப் பத்து அடிகூட நடக்கவேண்டாம். நான் நடக்கவில்லை. இழுத்துப்போக லாரி கேட்டு யாருக்காவது போன் செய்யலாம் என்று பூத்தைத் தேடிப் போய்விட்டேன். தசமியன்று எவன் எடுப்பான்? அரைமணி நேரம் கழித்துத் திரும்பிவந்து, காரை மெக்கானிக்கின் கொட்டகையில் தள்ளி விட்டுவிட்டு, ஹவுரா பஸ்ஸைப் பிடித்தோம்.

பஸ்ஸில் நாலு தடவை வாந்தி எடுத்தாள். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "உன் மேல தப்பில்லம்மா" என்ற மூன்று வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் நடுரோட்டில் கத்திய வாயை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

எஞ்சின் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். காரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அவள் எப்போதும் போல் சமைத்தாள், கீழ்வீட்டு அம்மாளோடு பேசினாள், என் சட்டைக்குப் பித்தான் தைத்தாள். "எப்பங்க தீகா?" மட்டும் நின்றுபோனது. சாதம் போடும்போது நான் தட்டைப் பார்க்கமாட்டேன், அவள் வாயைத்தான் பார்ப்பேன். "இன்னொரு கரண்டி போடவா?" என்பாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சிடுங்க" என்றாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பாவி, வாங்கிக்கொண்டுபோய் வைத்தேன்.

ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. தீகாவுக்கு ரயில் விட்டுவிட்டார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "தீகாவுக்கு ரயில் வந்தாச்சு. போலாமா?" என்றேன்.

"முட்டி வலிக்குதுங்க. நீங்க வேணா போய்ட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் உடைந்துபோனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அறுந்த ஒயர், மஞ்சள்தூள், எழாத முள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "சந்தனத்தால இல்லம்மா. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும் தெரியும். நீங்க போன் பண்ணப் போனப்ப அந்த மெக்கானிக் என்கிட்டயும் வங்காளத்துல சொன்னாரே. 'அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க, உங்க மேல தப்பே இல்ல, அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்'னாரு."

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "பஸ்ஸுல நெத்தியப் பிடிச்சீங்கள்ல, அப்பக்கூட, இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். ஹவுரா வர்ற வரைக்கும் பார்த்தேங்க. அப்புறம் விட்டுட்டேன்."