நீலச் சறுக்கும் மூன்று செய்திகளும்

நாட்டில் பெரிய சங்கதி ஏதாவது நடந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா என்று ஆளாளுக்கு ஆரம்பிப்பார்கள். ஒருவர் டிவி முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு இருந்திருப்பார். இன்னொருவர் டீக்கடையில். என் முறை வரும்போது நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை நான் ஒரே இடத்தில் இருந்தேன். மதுரைக்கு வெளியே ஒரு தண்ணீர் பார்க்கில், அக்காவின் துணிப்பைக்குக் காவலாக.

மற்றபடி செய்திக்கும் எனக்கும் தூரம் அதிகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ராஜபாளையத்தில் பஞ்சு மில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படி, தேவதானத்தில் மாந்தோப்புக் காவல், அப்புறம் போர்வெல் லாரியில் ஏறி ஒடிசா வரை. ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். காய்ச்சல் வந்தாலோ வேலை போனாலோ ராஜபாளையத்துக்கு, அக்கா வீட்டுக்கு வருவேன். அவள் கதவைத் திறந்ததும் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

“ஏலே, காய்ச்சலா, வேலை போச்சா?”

அக்கா பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் தறி ஓட்டுகிறாள். இருபது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும். மச்சானுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தடவை மதுரைக்கு அழைத்துப் போனாள். ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பஸ்ஸில் போகும்போது ஒரு மதில் சுவருக்கு மேலே நீல நிறத்தில் ஒரு சறுக்கு தெரியும். பாம்பு மாதிரி வளைந்து இறங்கும். அதிலிருந்து கூச்சல் கேட்கும். முதல் நாள் யாரையோ அடிக்கிறார்கள் என்று பயந்தாளாம். மச்சான்தான் சொல்லியிருக்கிறார், “அது சந்தோசத்துல கத்துறது. எனக்குச் சரியாகட்டும், ஒரு நாள் உன்னைய அதுல ஏத்தி விடுதேன்.”

மச்சானுக்குச் சரியாகவில்லை. ஆனால் சறுக்கு மட்டும் அவள் மனசை விட்டுப் போகவில்லை. வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நகை, புடவை எதுவும் இல்லை. அந்த நீலச் சறுக்கில் ஒரு தடவை. அவ்வளவுதான்.

கம்பெனி முதலாளி சில வருஷங்களில் வேன் பிடித்து வேலைக்காரர்களை டூர் அனுப்புவார். குற்றாலமா, கன்னியாகுமரியா என்று கேட்டால் அக்காவின் குரல்தான் மற்ற எல்லாக் குரல்களையும் மூடிவிடும். அப்படித்தான் முதல் தடவை அந்தப் பார்க்குக்குப் போனோம். நான் அப்போது மஞ்சள் காமாலையோடு வந்து தேறியிருந்தேன். வேனில் ஒரு இடம் மிச்சம் இருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

முதலமைச்சர் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் அது. நிலைமை மோசம் என்று முந்தின நாளே டிவியில் ஓடியது. ஆனாலும் வேனுக்குச் சொல்லியாகிவிட்டது, புளியோதரையும் கிண்டியாகிவிட்டது. போனோம்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, சேலையோடு தண்ணீரில் விடமாட்டார்கள். நைட்டியும் கூடாது. வாடகைக்கு நைலான் பேண்ட்டும் சட்டையும் தந்தார்கள். அக்கா பேண்ட்டைக் கையில் வாங்கி, வேட்டி விரிப்பதுபோல விரித்துப் பார்த்தாள்.

“இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிலே வெளியில வருவேன்?”

“எல்லாரும் அதைத்தானே போட்டிருக்காக.”

“எல்லாரும் என் கொழுந்தனாரு முன்னால நிக்கப் போறாகளா?”

கொழுந்தனார் என்று அவள் சொன்னது எங்கள் வேன் டிரைவரை. மச்சானுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த ஆள் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நான் இரண்டு தடவை போய்ப் பார்த்து வந்து சொன்னேன். அவள் நம்பவில்லை. சாப்பாடு முடிந்தும் உடை மாற்றும் அறைக்குள் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்துத் தறிக்காரி, நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், அவள்தான் கடைசியில் உள்ளே போய் இழுத்துக்கொண்டு வந்தாள். அக்கா துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கோழி மாதிரி அடியெடுத்து வைத்து வந்தாள். சறுக்குக்கான வரிசையை நோக்கிப் பத்து அடி நடந்திருப்பாள். விசில் அடித்தது.

எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள் என்றார்கள். சென்னையிலிருந்து செய்தி என்றார்கள், உறுதியில்லை என்றார்கள், ஊரெல்லாம் கடை அடைக்கிறார்கள், பஸ்ஸை நிறுத்துகிறார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார்கள். திரும்பும் வழியில் ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. மிச்சமிருந்த புளியோதரையை ஓடுகிற வேனிலேயே கையால் அள்ளித் தின்றோம். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அக்காவும் அழுதாள். திருமங்கலம் தாண்டும்போது மூக்கைச் சிந்திவிட்டு, “அந்த அம்மாவுக்காகத்தான் அழுதேன். சறுக்குக்காக இல்ல” என்று வேன் முழுக்கக் கேட்கும்படி எனக்கு மட்டும் சொன்னாள்.

இரண்டாவது தடவை இன்னும் சுருக்கம். நான் மாந்தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இந்த முறை அக்கா தயாராக இருந்தாள். ஒரு மாசத்துக்கு முன்பே நைலான் துணி எடுத்து, முழங்கால் தாண்டிய சட்டையும் தொளதொள பேண்ட்டும் தைத்து, வீட்டுக்குள் போட்டு நடந்து பழகியிருந்தாள். விடிவதற்கு முன்னால் வேன் கிளம்பியது. முந்தின நாள் சாயங்காலம் டிவி பார்க்க எங்களில் ஒருத்தருக்கும் நேரமில்லை. பார்க் வாசலில் கேட் பூட்டியிருந்தது. கம்பியில் ஒரு காகிதம். கிருமி பரவுவதால் அரசு உத்தரவுப்படி மூடப்பட்டிருக்கிறது. உள்ளே இருந்த காவலாளி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, எட்டி நில்லுங்கள் என்று கையை ஆட்டினார்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒங்க தம்பிதான் காரணம். போன தடவையும் இவரு வந்தாரு. இந்தத் தடவையும் வந்துருக்காரு.”

“சீனாவுல வந்த கிருமிக்கு நான் என்ன பண்ணுவேன் மதினி?”

“நீங்க போகாத ஊரு எது? அங்கயும் போயிருப்பீக.”

வேன் குலுங்கச் சிரித்தார்கள். கொண்டுபோன சாப்பாட்டை ஒரு புளியமரத்தடியில் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்பினோம். மதில் சுவருக்கு மேலே சறுக்கு தெரிந்தது. தண்ணீர் விடாததால் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஒரு வாரத்தில் நாடே அடைத்துக்கொண்டது. பேண்டேஜ் கம்பெனிக்கு மட்டும் ஓட்டம் குறையவில்லை. அக்கா ஒருநாளும் விடாமல் தறியில் நின்றாள். அந்த நிற்பில்தான் முழங்கால் போனது.

மூன்றாவது டூருக்கு வேன் பேசியபோது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், படி ஏறக்கூடாது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சறுக்கின் உச்சிக்குப் போக மூன்று மாடி உயரத்துக்குப் படி உண்டு.

“இந்தத் தடவை ஏறலைன்னா பொறவு எனக்கு அது கெடையாது” என்றாள். அழவில்லை. சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

நான் அப்போது போர்வெல் லாரியில் கை விரல் நசுங்கி, கட்டோடு வந்திருந்தேன். வேனில் இடம் இருந்தது. ஆனால் என்னை ஏற்றக்கூடாது என்று மதினியின் தலைமையில் ஒரு கட்சி. அக்காவுக்கே உள்ளுக்குள் சந்தேகம். சாமியிடம் கேட்டுவிடுவோம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் நான் போகலாம். ஆண்டாள் சந்நிதியில் வைத்து, யாரோ ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னாள். சிவப்பு வந்தது.

அக்கா பூவைப் பொட்டலத்திலேயே மடித்து வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடியே மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்கு நடந்தாள்.

“எக்கா, அதான் வேண்டாம்னு வந்துருச்சுல்ல?”

“பெரியாஸ்பத்திரியில ஆகாதுன்னா, அடுத்த டாக்டர்கிட்ட காட்டுறது இல்லையா? இங்க இருக்குற சாமியே வைத்தியருதான். அவருகிட்ட முழங்கால் விசயத்தையும் சேத்துச் சொல்லிக் கேப்போம்.”

வைத்தியநாதர் வெள்ளையைக் கொடுத்தார். அக்கா பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு, முதலில் கேட்டதைப் பற்றி ராஜபாளையத்தில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

மாதாந்திரக் கரண்ட் நிறுத்தத்தால் தறி ஓடாத நாளாகப் பார்த்துத்தான் டூர். அன்று சாயங்காலம் நம் நாட்டு விண்கலம் நிலாவில் போய் உட்காரப்போகிறது என்று வேனிலேயே பேச்சு. மதினி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அதுவும் ஒழுங்காப் போய்ச் சேந்தாப்புலதான்.”

பார்க் திறந்திருந்தது. தண்ணீர் ஓடியது. ஆனால் நீலச் சறுக்கின் மோட்டார் வேலை செய்யவில்லை. பழுது பார்க்கிறார்கள், செத்த நேரத்தில் ஆகிவிடும் என்றார்கள். செத்த நேரம் என்பது சாயங்காலம் ஐந்து மணி வரை நீண்டது. மற்றவர்கள் அலைக்குளத்திலும் மழை நடனத்திலும் ஊறிக்கிடக்க, அக்கா தான் தைத்த நைலான் உடையில், வறண்ட சறுக்குக்கு எதிரே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் காலைக்கூட நனைக்கவில்லை. வேறு எதிலும் இறங்கினால் இது நடக்காமல் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஐந்து மணிக்குச் சறுக்கில் தண்ணீர் விட்டார்கள். எங்கிருந்தோ கல்லூரிப் பையன்கள் ஒரு பட்டாளமாக ஓடிவந்து வரிசையை அடைத்தார்கள். முழங்கால் வலியோடு அவள் எழுந்து போய்ச் சேர்வதற்குள் முன்னால் நூறு பேருக்குக் குறையாது. ஆறேகாலுக்குப் பார்க் மூடும் விசில். வரிசை நத்தையாக நகர்ந்தது. ஐந்தரை ஆனது. முக்கால் ஆனது. அக்கா முதல் படியைக்கூடத் தொடவில்லை. கைப்பிடிக் கம்பியை மட்டும் எட்டிப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள், பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டவள்போல.

அப்போதுதான் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டிவியைச் சத்தமாக வைத்தார்கள். கலம் நிலாவை நெருங்குகிறது, கடைசி நிமிடங்கள் என்று யாரோ கத்தினார்கள். வரிசையில் இருந்த ஒரு பையன் ஓடினான். பின்னால் நாலு பேர். பிறகு படியில் நின்றவர்களும் திபுதிபுவென்று இறங்கினார்கள். ஈரக்கால்களோடு பார்க் முழுவதும் அந்தக் கூடத்தைப் பார்த்து ஓடியது. மதினி போகிற வழியில், “ரண்டி, ரண்டி, ஜல்தியா வாங்க” என்று அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அடியிலிருந்து உச்சி வரை ஒரு ஆள் இல்லை. மேலே பார்க் வேலைக்காரப் பெண் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏலே, இதைப் பிடி” என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தாள்.

எனக்கும் டிவி பார்க்க ஆசைதான். பெரிய செய்தி ஒன்றை நல்ல செய்தியாக, நடக்கிற நேரத்திலேயே பார்க்க முதல் தடவையாக ஒரு வாய்ப்பு. கூடம் முப்பது அடி தூரம். ஆனால் ஆறு படிக்கு ஒரு தடவை அவள் நின்று, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி, கீழே பார்த்துக் கத்தினாள்.

“இருக்கியாலே?”

“இருக்கேன்க்கா.”

கண்ணாடி இல்லாமல் அவளுக்கு என்னைத் தெரியாது. குரல்தான் அடையாளம். நகர்ந்தால் குரல் தள்ளிக் கேட்டுவிடும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கூடத்தில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்து, முழுக்க நின்றுபோனது. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. மேலே அக்கா உட்கார்வது தெரிந்தது. இரண்டு கையாலும் சறுக்கின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் குனிந்து ஏதோ சொன்னாள். அக்கா தலையை ஆட்டினாள். பிடியை விடவில்லை. நெடுநேரம் விடவில்லை.

பிறகு விட்டாள்.

தறிச் சத்தத்துக்கு மேல் பழகிய தொண்டை அது. முதல் வளைவில் எடுத்த கத்தலைக் கடைசி வளைவு வரை நிறுத்தவில்லை. தொப்பென்று வந்து தண்ணீரில் விழுந்து, முங்கி, இருமிக்கொண்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூடம் வெடித்தது. கைதட்டல், விசில், அலறல். பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். துண்டைக் கொடிபோலச் சுற்றினார்கள். மதினி அழுதுகொண்டே குளத்துக்குள் குதித்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மங்கலாகத் தெரிந்த அத்தனை கூட்டத்தையும் பார்த்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டாள். பையன்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் கண்ணாடியைக் கொடுத்தேன். “எக்கா, நம்ம கலம் நிலாவுல நல்லபடியாப் போய்ச் சேந்துருச்சு. அதுக்குத்தான் தட்டுறாக.”

“அப்படியா? நல்லது, நல்லது” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் என்னிடமே திருப்பி நீட்டினாள். “மணி என்னலே?”

“ஆறு பத்து.”

“அஞ்சு நிமிசம் இருக்குல்ல” என்று மதினியின் கையை உதறிவிட்டு, படிக்கட்டைப் பார்த்து நொண்டிக்கொண்டே நடந்தாள்.