ஹெல்மெட்டுக்குள் செருகிய போன்

அந்தப் படத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது என் கொழுந்தன் முரளி அல்ல. நான்!

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஸ்கூட்டர், அதுவும் முரளியின் பெயரில். விடியுமுன் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவன் அவன். அன்று அவனுக்கு ஓய்வுநாள். மழை. நாள் முழுதும் வண்டி எங்கள் இருவர் கையிலும் மாறி மாறி இருந்தது. அவனுடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். அம்மா அழைத்தாள். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசிக்கொண்டே ஓட்டினேன். போலீஸ்காரர் பின்னாலிருந்து படமெடுத்தது தெரியவே தெரியாது.

அந்தப் படத்தோடு அபராத நோட்டீஸ் வந்ததும் முரளி சிரித்தான். "இன்னா அண்ணி, போனை இப்படிச் சொருகறவன் நான்தானே! இது என் முதுகேதான்."

"ஊருக்கே கார் ஓட்டற... உனுக்கு இதுகூடவாடா தெரியாது?" என்றார் மாமியார்.

அவன் அபராதம் கட்டினான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்...

முடியவில்லை. என் மகள் படிக்கும் பள்ளியில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். கிடைத்தால் ரயில் வேண்டாம், தன் கைக்குழந்தை விழித்திருக்கும்போதே வீடு திரும்பலாம் என்று முரளி ஏங்கினான். பள்ளியில் கணினியில் பார்த்தார்கள். கட்டி முடித்த பிறகும் அந்தக் குற்றம் அவன் பெயரோடு நின்றது. போனில் பேசிக்கொண்டு ஓட்டுகிறவரை நம்பிப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்றார்களாம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! எதற்கு அஞ்சினேன்?

"நீங்க படிச்சவங்க அண்ணி. இது எத்தனை வருசம் இருக்கும்னு பாத்துச் சொல்லுங்க," என்றான்.

"பாக்கறேன்," என்றேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கட்டினால் தீர்ந்தது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. அழியவே அழியாது என்று மற்றோரிடத்தில்... எதை அவனிடம் சொல்ல?

உங்களிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் படத்தில் என் முதுகுதான் தெரிகிறது. எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்த என் நான்கு வயது மகள் தெரியவில்லை. நோட்டீஸ் வந்த அன்று அவளைத் தனியே அழைத்து, "சித்தப்பாகிட்ட சொல்லக்கூடாது" என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

இப்போதும் ஸ்கூட்டரில் ஏற்றும்போதெல்லாம், நான் கேளாமலே, அவள் உதட்டில் விரல் வைக்கிறாள்.