நிறம் போன கிணற்றுநீர்

1. செலியமேட்டில் காலரா கண்டதும், சுகாதாரப் பயிற்சி பெற்ற நான் ஊர்க் கிணற்றில் பெர்மாங்கனேட் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கரைத்து ஊற்றினேன். நீர் ரோஜா நிறமானது.
2. பெண்கள் மாரியம்மனை வேண்டி, கூடைகூடையாக வேப்பிலையும் மஞ்சளும் அதில் போட்டார்கள். நான் தடுக்கவில்லை.
3. ஒரு மணி நேரத்தில் நிறம் போய்விட்டது.

குடத்துடன் வந்த அஞ்சலை சிரித்தாள். “இன்னாம்மா, சாயம் வெளுத்துப்போச்சி? மலிவுச் சாயமா? இனிமே குடிக்கலாமா?”

“குடிக்கலாம் அக்கா” என்றேன். வில்லியனூர் வண்டி எனக்காகக் காத்திருந்தது.

அந்த மருந்து, இலை என்றும் கிருமி என்றும் பேதம் பார்க்காது. எதிர்ப்படுவதையெல்லாம் தாக்கி, அதிலேயே தீர்ந்துபோகும். நிறம் போனால் மறுபடி ஊற்ற வேண்டும். படித்த இந்தப் பாடம் வண்டி ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லாமல், நாளை ஊற்றலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஊற்றினேன். அதற்குள் அஞ்சலை அந்த நீரைக் குடித்திருந்தாள். மூன்றாம் நாள் வாந்திபேதியில் இறந்தாள்.

துக்கம் கேட்கப் போனேன். அவள் கணவர் என்னைத் தேற்றினார். “நீ இன்னாம்மா பண்ணுவ? நாங்கதான் வேப்பெல கம்மியா போட்டுட்டோம். ஆத்தாவுக்குக் கோவம்.”

அவர் இன்றும் தன்னையே நொந்துகொள்கிறார். நான் இன்னும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.