கடம்பத்தூரில் செய்த இங்கிலாந்து ஸ்டிக்

இன்று முகநூலில் ஒருவர் பழைய பில்லியர்ட்ஸ் ஸ்டிக் ஒன்றின் படம் போட்டிருந்தார். "எழுபதுகள்ல இங்கிலாந்துல செஞ்சது. நம்ம ஆளுங்களுக்கு இந்த வேலை வராது" என்று எழுதியிருந்தார்.

பிடியில் பதித்த நான்கு கருங்காலிக் கூர்களில் ஒன்று குட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடம்பத்தூர் பட்டறையில் நான் இழைத்தது.

'இங்கிலாந்து' என்று பித்தளைத் தகடு ஒட்டச் சொன்னவர் அதை வாங்கிப்போன கடைக்காரர். ஒட்டியவன் நான்.

அதைப் பின்னூட்டத்தில் சொன்னேன். படம் போட்டவர் ஆதாரம் கேட்டார்.

"அடிக்கட்டையைத் தொறந்து பாருங்க. எடைக்குப் பழவேற்காட்டு மீன்வலையில கட்ற ஈயக்குண்டைத்தான் உள்ள போட்டுக்கீறேன்."

"இன்னா பெருசு, தொறந்தா நாசமாப் பூடும். ஒரிஜினலாச்சே."

அதற்கு நாற்பது பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்டிக்கில் பொய்யானது தகடு ஒன்றுதான். எல்லோரும் அதை மட்டும் நம்புகிறார்கள்.

அவ்வளவு நன்றாகவா ஒட்டித் தொலைத்தேன்?