குறை இல்லை என்று திரும்பி வந்த பவர் சப்ளை

“வாடிக்கையாளர் இல்லத்தரசி. கணினிப் பரிச்சயம் குறைவு. எளிதில் பதற்றமடைபவர். பொருளில் குறை ஏதும் இல்லை.”

சர்வீஸ் சென்டர் தன் பதிவில் அவளைப் பற்றி எழுதிவைத்திருப்பது இவ்வளவுதான். முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வாடிக்கையாளர் என்பது உண்மை. காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தாள்.

இல்லத்தில் இருந்தாள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே உட்கார்ந்து அவள் செய்துகொண்டிருந்தது, மற்றவர்களின் இல்லங்களுக்கு பிளான் போடுவது. அந்த ஊரில் பாதிப் பேர் காலையில் கண் விழிப்பது அவள் வைத்த ஜன்னலில். தடுக்கி விழாமல் இறங்குவது அவள் போட்ட படிக்கட்டில். இது அவர்கள் யாருக்கும் தெரியாது. பல வருஷம் ஒரு இஞ்சினியர் ஆபீஸில் இருந்து வரைந்ததால், எல்லாம் இஞ்சினியர் போட்டதாகவே ஊரில் பேச்சு. ஒருநாள் வீடு கட்டப்போகிற ஒருவர், “இந்த மாடிப்படி யோசனை பிரமாதம் சார், யாரோடது?” என்று கேட்டார். “நான்தான். நம்ம டைப்பிங் அம்மா கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க” என்றார் இஞ்சினியர், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அவள் வேலையை விட்டுவிட்டாள். அன்றைக்கே விடவில்லை, மறுநாள்தான். அந்தப் படிக்கட்டில் ஒரு அளவு பாக்கி இருந்தது.

அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு அந்த ஒரு நாள் போதும். மனிதர்களிடம் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாள். பொருள்களிடம் பொறுமையில் பூமாதேவி தோற்றுப்போவாள். வீட்டில் அவளுக்குக் ‘குக்கர்’ என்று பெயர் வைத்தது கொழுந்தன். பெயர் அவ்வளவாகப் பொருந்தாது. குக்கர் விசிலடித்து முன்கூட்டியே சொல்லும். இவள் அந்த மரியாதையெல்லாம் செய்வதில்லை.

படுக்கையறையில் இரும்பு பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசையைச் செருகி, பாகம் பாகமாக வாங்கிய கணினியைத் தன் கையாலேயே பூட்டினாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவரின் பங்களிப்பு, டார்ச் அடித்தது. மாடியில் இருக்கும் கொழுந்தனுக்கும் அதே சமயம் கேம் ஆட ஒரு கணினி தேவைப்பட்டது. அதையும் அவளே பூட்டிக் கொடுத்தாள். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி மட்டும் இருவருக்கும் ஒரே மாடல். ஜோடியாக, ஒரே பில்லில் வாங்கினார்கள்.

முதல் பெரிய வேலை வந்தது: ஒரு டாக்டரம்மா கட்டப்போகும் குழந்தைகள் ஆஸ்பத்திரி. கட்டடத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி படம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. “வாரக் கடைசிக்குள்ள கொடுத்துடுங்க. இல்லன்னா உங்க பழைய இஞ்சினியர்கிட்டயே போயிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

அந்த வாரம் பார்த்துக் கணினி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாதாரணமாகக் கோடு போடும்வரை சாதுவாக இருக்கும். கட்டடத்தைத் திருப்பினால் பொட்டென்று அணைந்துவிடும். புகை இல்லை, சத்தம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

“ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்” என்றார் கணவர்.

“அதுவாவே ஆஃப் ஆகுதுங்க. உங்க வைத்தியத்துல பாதியை அதுவே பண்ணிக்குது.”

நடுவில் இஞ்சினியர் போன் செய்தார். யார் மூலமாகவோ விஷயம் போயிருக்கிறது. “என்னம்மா, மெஷின் படுத்துடுச்சாமே? உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு. யாரையும் உட்கார விடலை.”

“அதை வித்துடுங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகும் அந்த நாற்காலி கண்ணுக்குள் நின்றது. இடது கை வைக்கிற இடத்தில் ரெக்சின் கிழிந்திருக்கும். ஆஸ்பத்திரி கைவிட்டுப் போனால் அதில்தான் போய் உட்கார வேண்டும்.

மனிதர்கள்மேல் வந்த கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கணினியிடம் சாந்தமாக உட்கார்ந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் என்ன ஆகிறது என்று பார்ப்பது, அதற்கப்புறம்தான் அடுத்தது. இதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. அணைவதற்கு முன் திரையில் ஒரே ஒருதரம் மட்டும் ரேம், அதாவது நினைவகப் பிழை என்று வந்திருந்ததால், முதலில் ரேமைக் கழற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவன் பில்லைப் பார்த்தான், வாங்கினான், புதிதை எடுத்துக் கொடுத்தான். ஒரு கேள்வி கிடையாது. வீட்டுக்கு வந்து மாட்டினாள். பொட்.

ஆக, நன்றாக இருந்த ரேமைத்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள். அணையவில்லை, ஆனால் கட்டடம் நத்தை மாதிரித் திரும்பியது, அதை வைத்து வேலை நடக்காது. மின்சாரத்தைக் கூட்டினாள், அணைந்தது. மறுபடி குறைத்தாள், கூட்டினாள். கார்டு கேட்கிறபோது கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் மயங்கி விழுகிறான். பவர் சப்ளையைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினாள்.

கவுண்டர்காரன் அதை உள்ளே எடுத்துப் போனான். கண்ணாடித் தடுப்பு வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து, அதன் பிளக்கில் இரண்டு துளைகளையும் இணைத்துச் செருகினான். பவர் சப்ளையின் விசிறி சுற்றியது. கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“நல்லா இருக்கு மேடம். குறை இல்லை.”

“என்ன பார்த்தீங்க தம்பி?”

“ஓடுது.”

“விசிறி ஓடுது. மூக்குல கை வச்சுப் பார்த்துட்டு, மூச்சு வருது, மூட்டை தூக்குன்னு சொல்லுவீங்களா? சுமையை ஏத்திப் பாருங்க. சுமை ஏத்துனாத்தான் விழுது.”

“எங்க ப்ரொசீஜர் இதான் மேடம்.”

“அப்போ இன்னொரு நல்ல பவர் சப்ளை கொடுங்க, டெபாசிட் கட்டிட்டுப் போறேன். மாட்டிப் பார்த்துட்டுக் கொண்டாந்துடுறேன்.”

“அப்படியெல்லாம் கொடுக்க முடியாது.”

“சரி, என் கணினியையே தூக்கிட்டு வர்றேன். உங்க கண் முன்னாடி விழட்டும்.”

“அசெம்பிள் பண்ணது எடுக்க மாட்டோம். பார்ட் மட்டும்தான்.” பிறகு குரலைத் தணித்து, பெரிய உபகாரம் செய்கிற மாதிரி, “வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா வந்து பேசச் சொல்லுங்களேன்” என்றான்.

வரிசையில் நின்றிருந்தவர்கள் தங்கள் டோக்கனைப் படித்துப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்கள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் அச்சடிக்க மாட்டார்கள். அவன் பதிவில் எழுதியது அதற்கு அப்புறம்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போனாள். கொழுந்தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

“டேய், உன் பவர் சப்ளையை ஒரு மணி நேரம் கொடு. மாட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்.”

“ஐயோ அண்ணி, அதுல கை வைக்காதீங்க. நல்லா ஓடிட்டிருக்கு.”

“அதைப் பூட்டுனதே நான்தான்டா.”

“அதான் சொல்றேன், நல்லாப் பூட்டியிருக்கீங்க. எதுக்குக் கலைக்கணும்? குக்கர் வெடிச்சா கீழ வெடிக்கட்டும், மாடியை விட்டுடுங்க.”

அவள் ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தாள். அவள் பேசாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் கணவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கடையில் இருந்தார்.

மறுநாள் காலை கொழுந்தன் வேலைக்குப் போனதும், ஸ்க்ரூ டிரைவரோடு மாடியேறினாள். இரண்டும் ஒரே மாடல். ஒயர்களின் மறுமுனையைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை, பெட்டியின் பக்கம் மட்டும் பிடுங்கி, பெட்டியை உருவி மாற்றினால் போதும். அவனுடையது கீழே வந்தது. அவளுடையது மேலே போனது. இதைச் சோதனை என்றும் சொல்லலாம், திருட்டு என்றும் சொல்லலாம். அவள் மனதுக்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். முதலாவது கேட்க நன்றாக இருந்தது.

கீழே ஆஸ்பத்திரியைத் திருப்பினாள். திரும்பியது. கூரையைக் கழற்றினாள், வராந்தாவுக்குள் நடந்தாள், ஊசி போடுகிற அறைக்கு வெளியே குழந்தைகள் பயப்படாமல் உட்காருவதற்கு ஒரு சின்னத் திண்டு வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அணையவில்லை. மத்தியானம் சாப்பிட மறந்துபோனாள்.

சாயங்காலம் மாடியில் யாரோ யாரையோ சுட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பிறகு கொழுந்தனின் குரல்: “ஏய், ஏய், ஏய்!”

பூட்டியவளிடம் வந்து அவன் கேட்டிருக்கலாம். முந்தின நாள் பேசிய பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பான்? எதையும் கழற்றிப் பார்க்கவில்லை, எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. மின்சாரம் போகிறதென்றால் மின்சாரப் பெட்டிதான் என்று ஒரு குத்துமதிப்பு. அடுத்த நாள் லீவு போட்டு, பெட்டியை உருவிக்கொண்டு, பீரோவிலிருந்த பில்லையும் எடுத்துக்கொண்டு போனான். ஒருமணி நேரத்துக்குள் பளபளவென்று புதிய அட்டைப்பெட்டியோடு வந்து, கீழே அவள் மேசைக்குப் பக்கத்திலேயே அதை வைத்தான்.

“பார்த்தீங்களா அண்ணி? எல்லாம் பேசுற விதத்துல இருக்கு. நீங்க சும்மா சண்டை போட்டுட்டு வந்துடுறீங்க.”

“என்ன பேசினே?”

“கவுண்டர்ல ரெண்டு தட்டு தட்டினேன். என்னய்யா பொருள் விக்கிறீங்க, கேம் நடுவுல போகுதுன்னு கத்தினேன். சார் சார்னு எடுத்துக் கொடுத்துட்டான்.”

“டெஸ்ட் பண்ணலை?”

“அதெல்லாம் எதுக்கு? பார்த்தாலே தெரியாதா, விஷயம் தெரிஞ்சவன்னு.”

அவன் கொண்டுபோன பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கவுண்டர்காரன் தன் கணினியில் ஒருதரம் தட்டிப் பார்த்திருந்தால் போதும், இரண்டு நாளைக்கு முன்னால் ‘குறை இல்லை’ என்று திருப்பி அனுப்பிய அதே பெட்டி என்று தெரிந்திருக்கும். தட்டவில்லை. அன்றைக்கு ஜெம் கிளிப்கூட வெளியே வரவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கீழே கணினி ஓடுகிறது, மேலே புதியது வந்துவிட்டது, டாக்டரம்மாவின் வேலை முடிகிற நிலையில் இருக்கிறது. நஷ்டம் யாருக்குமில்லை. கெட்டிக்காரி என்றால் சிரித்துவிட்டு அவனுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்திருப்பாள். அவள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, கொழுந்தன் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“இப்போ ஒருத்தர் வந்து பவர் சப்ளை மாத்திட்டுப் போனாரே, எதுக்கு மாத்திக் கொடுத்தீங்க?”

“போகுதுன்னு சொன்னார் மேடம்.”

“முந்தாநாள் நான் வந்து என்ன சொன்னேன்?”

குரலை அடையாளம் கண்டுகொண்டான் போல. “நீங்களும் போகுதுன்னுதான் சொன்னீங்க.”

“அப்புறம்?”

“நீங்க கோவமா சொன்னீங்கம்மா.”

“அவரு?”

“சார்… உறுதியா சொன்னார்.”

கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த முயற்சியைக் கைவிட்டான்.

“தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க” என்றாள் போனில். “அந்த சார் கொண்டாந்தது என்னோட பவர் சப்ளை. நீங்க குறை இல்லைன்னு கையில திணிச்சு அனுப்பினீங்களே, அதேதான். நான் அதை அவரு கணினியில மாட்டினேன். அங்கேயும் விழுந்துச்சு. அந்தாளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கவுண்டரைத் தட்ட மட்டும்தான் தெரியும்.”

“அண்ணி!” என்றான் கொழுந்தன்.

“மேடம், அப்போ அது… நான் மேனேஜர்கிட்ட…”

“சொல்லுங்க. மேனேஜர் வந்தாலும் சரி, முதலாளி வந்தாலும் சரி. எண்ணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க, பழையதைச் சுமை ஏத்திப் பார்க்கச் சொல்லுங்க. விழலைன்னா புதுசைக் கொண்டாந்து உங்க மேசையில வச்சிடுறேன்.”

சர்வீஸ் சென்டரிலிருந்து அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

“என் கணினியில கை வச்சிருக்கீங்க!” கொழுந்தனுக்கு இப்போது மூச்சு வாங்கியது. “கேட்காம! கேம்ல என் ரேங்க் என்ன ஆச்சு தெரியுமா? டீம்ல இருந்து தூக்கிட்டாங்க!”

“கேட்டேன்டா. கொடுத்தியா?”

“அதுக்காக? அண்ணன் வரட்டும்.”

“வரட்டும். டார்ச் அடிக்க ஆள் வேணும்.”

அவன் கீழும் மேலுமாகப் பின்னாலேயே வந்து திட்டிக்கொண்டேயிருக்க, இரண்டு கணினிகளையும் திறந்தாள். அவனுடைய பவர் சப்ளையைக் கழற்றி அவனுடையதிலேயே மாட்டிக் கொடுத்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புதியதைத் தன்னுடையதில் மாட்டினாள். பிறகு உட்கார்ந்து ஆஸ்பத்திரியின் பிளானை வரைந்து முடித்து, வரைந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள்.