குட்டிக்கு நான் கொடுக்காத தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபாக்டரியில் அடுப்பு வேலை. எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்து வீடுகள். வீடு என்றால் ஒரே அறை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். எழுதப் படிக்க நான் பிற்பாடுதான் கற்றேன். இதை இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம்.

நான் ஒரு பன்றி வளர்த்தேன். சிரிக்காதீர்கள். லயத்தில் பலரும் பன்றி வளர்த்தார்கள்தான்; ஆனால் எல்லோரும் வளர்த்தது விற்பதற்கு, இல்லாவிட்டால் சுடலைமாடன் கொடையில் பலி கொடுப்பதற்கு. நான் வளர்த்தது சும்மா கூட இருக்கட்டும் என்று. கங்காணி வீட்டுப் பன்றி ஒன்பது குட்டி போட்டது. கடைசிக் குட்டி எலிக்குஞ்சு போலக் கிடந்தது. தாய் அதை அண்ட விடவில்லை. தூக்கி எறியப் போனவர்களிடம் கேட்டு முந்தானையில் வாங்கி வந்தேன். ஆட்டுப்பாலில் துணியை நனைத்து நனைத்து வாயில் வைத்துப் பிழைக்க வைத்தேன். குட்டி என்று கூப்பிட்டேன். மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத அளவுக்கு வளர்ந்த பிறகும் அது எனக்குக் குட்டிதான். சாயங்காலம் கூடையோடு நான் இறங்கி வருவதைக் கண்டால் ஓடைக்கரையிலிருந்து ஓடி வந்து என் முழங்காலை மூக்கால் முட்டும். "எனக்கு ஒரு நாளாவது இப்படி சிரிச்சிருக்கியாளா நீ?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

மாதம் ஒரு தடவை போடியிலிருந்து பன்றி வாங்க ஒருவர் வருவார். தலையில் சிவப்புத் துண்டு, கையில் கயிறு. ஒவ்வொரு தடவையும் குட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குடுக்கிறியா தாயி?" என்பார். எனக்கு எரியும். எமனே கயிற்றோடு வாசலில் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்வேன். ஒரு வாய்த் தண்ணீர்கூட அவருக்குக் கொடுத்ததில்லை.

பன்றிக்கு ஆயுசு எவ்வளவு என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம், அதற்குள் எல்லாம் கத்திக்குப் போய்விடும். அதனால் பன்றிக்கு இரண்டு வருஷம்தான் ஆயுசு என்று எல்லோரும் நம்பினார்கள். குட்டிக்கு நாலு வயதானபோது அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருந்தார். நாற்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை, ஊரில் யாரும் இல்லை, எஸ்டேட் வேலைதான் அவருக்கு எல்லாம். அண்ணி முறை வைத்து நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த பீன்ஸ் கொடியைக் குட்டி இரண்டு தடவை வேரோடு கிளறிப் போட்டுவிட்டது. இரண்டாம் தடவை, "இது செத்தாத்தாம்ளா எனக்கு நிம்மதி" என்று கத்திவிட்டார். லயம் முழுவதும் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுச் சுவரை ஒட்டிக் கம்பு நட்டு, தகரம் போட்டு, குட்டியை உள்ளே விட்டு அடைத்தேன். மதினியோடு பேச்சை நிறுத்தினேன்.

அது மார்கழி. எங்கள் லயம் பள்ளத்தில் இருந்ததால் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குட்டிக்குக் குளிருமே என்று சாக்கு போட்டுப் போர்த்தினேன். பச்சைத் தண்ணீர் குடித்தால் சளி பிடித்துக்கொள்ளும் என்று தொட்டியில் தண்ணீரே வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அப்படித்தானே செய்வோம்? அதற்குப் பதிலாகத் தவிட்டைச் சுடச்சுடக் கெட்டியாகக் கிண்டி வைத்தேன். ருசியாக இருக்கட்டும் என்று உப்பு போட்டேன். நாலு வீட்டில் கேட்டு வாங்கிய கருவாட்டுத் தலைகளையும் கழுவாமல் அதில் போட்டேன். முன்பெல்லாம் அது நாளுக்குப் பத்துத் தடவை ஓடைக்குப் போய்க் குடித்துவிட்டு வரும். அந்த ஞாபகம் எனக்கு வரவே இல்லை. காலையில் அது தகரத்தில் படிந்த பனியை நக்கியது. விளையாடுகிறது என்று நினைத்து, குளிர் ஏறுமே என்று இழுத்து விட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை நான் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நடந்தபோது கம்பில் போய் இடித்துக்கொண்டது. கண் திறந்துதான் இருந்தது; பார்வை இல்லை. ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. திடீரென்று நாய் போல உட்கார்ந்து, வாயில் நுரை தள்ள, கீழே விழுந்து காலை உதறியது.

"ஆயுசு முடிஞ்சிட்டு, விடுளா" என்று ஓரிருவர் சொன்னார்கள். முந்தாநாள் வரை மூச்சு முட்டத் தின்றதற்கு ஆயுசு எப்படி முடியும்? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். நேரே அங்கே போனேன். நூறு பேர் நின்றார்கள். மதினியும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். "எம் பன்னிக்கு எலிமருந்து வச்சது இந்தப் பொம்பளதான்!" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் வாய் பொல்லாதது. பிள்ளை பெறாதவள் என்றேன், புருஷனைத் தின்றவள் என்றேன். எழுதுவதற்கே கை கூசுகிறது. எனக்கும் அப்போது பிள்ளை இல்லை என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

அவர் அழவில்லை. "நான் ஒண்ணும் செய்யல தாயி" என்று மட்டும் சொன்னார். அதற்கு முன் அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டதே இல்லை. ஏளா என்றுதான் கூப்பிடுவார். கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. பிள்ளைகள் விளையாடும் லயத்தில் விஷம் வைக்கிற கை இருக்கக் கூடாது என்றார். "நாளையில இருந்து பெரட்டுல உம் பேரைக் கூப்பிட மாட்டேன்" என்று மதினியிடம் சொன்னார். பேர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்த ஒற்றை அறையும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்படியே நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மதினியும் தன் வீட்டுக்குள் போய்விட்டார். உச்சிப் பொழுதில் சிவப்புத் துண்டுக்காரர் வந்து சேர்ந்தார். சாகப்போகிறது என்று எப்படித்தான் மூக்கு வேர்த்ததோ என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் தகரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். காலியாகக் காய்ந்து கிடந்த தொட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு தவிட்டுப் பானையில் விரலை விட்டு எடுத்து, தன் நாக்கில் வைத்தார். பன்றித் தீனியை ஒரு மனிதர் ருசி பார்த்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"தண்ணி காட்டி எத்தன நாளாச்சு தாயி?" என்று கேட்டார்.

பனிக்காலம், சளி என்று ஏதோ சொன்னேன். அவர் திட்டவில்லை. "வெசமெல்லாம் இல்ல. உப்பு மண்டைக்கு ஏறிப் போச்சு" என்றார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடி வந்து நிறைகுடத்தைத் தொட்டியில் சாய்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கோடையில் ஊறுகாய்ச் சாடித் தண்ணீரைத் தீனியில் ஊற்றி, அவருடைய பதினோரு பன்றிகளுக்கு இதே கதி வந்ததாம். பதறிப்போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தாராம். குடித்த பிறகுதான் எல்லாம் செத்தனவாம். "செரட்டைல குடு. ஒரு செரட்டை, கொஞ்ச நேரம் பொறு, மறுபடி ஒரு செரட்டை. ஆசைப்பட்டு அள்ளி ஊத்திராத" என்றார். தன் வேலையை விட்டுவிட்டு, வெயில் சாயும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அவருக்கு முதல் தடவையாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

தேங்காய்ச் சிரட்டையால் ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் எனக்கு மதினியின் முகம்தான் வந்தது. எழுந்து பத்து அடி நடந்தால் அவர் வீட்டு வாசல். எழுந்திருக்க முடியவில்லை. குட்டியை விட்டு எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிவப்புத் துண்டுக்காரர் பார்த்துக்கொள்வாரே, போயிருக்கலாம். பொழுது சாய்ந்தபோது நான் கூப்பிட்ட குரலுக்குக் குட்டி காதை அசைத்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, "மொதல்ல அங்க போயிச் சொல்லுளா" என்றார். நான் ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் பழி சொன்னேன், எல்லோர் முன்னாலும்தான் அதை எடுக்க வேண்டும், காலையில் பெரட்டில் சொல்கிறேன் என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! உண்மை என்னவென்றால், தனியாக அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் கங்காணி பேர்களைப் படித்தார். மதினியின் பேரைத் தாண்டிப் போனார். நான் முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது, என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன், மதினி பேரைக் கூப்பிடுங்கள் என்றேன். கங்காணி சொன்னார்: "கூப்பிட்டா யாரு வருவா? அவ விடியமுன்னயே துணிமூட்டையோட எறங்கிட்டா." பாதை திரும்பும் இடம் வரை ஓடினேன். பனிதான் இருந்தது.

குட்டி பிழைத்துவிட்டது. பார்வை பத்து நாளில் திரும்பியது. அதன் பிறகு அதைக் கட்டவும் இல்லை, அடைக்கவும் இல்லை. ஐந்து வயது, ஆறு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. மயிர் நரைத்தது, பல் தேய்ந்தது. கிழங்கை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். குளம்பு வளர்ந்து நடக்க முடியாமல் போனபோது சிவப்புத் துண்டுக்காரர் வந்து செதுக்கி விட்டார். அவர் கையால் எத்தனையோ பன்றி போயிருக்கிறது, கிழடு தட்டிய பன்றியை அவரும் அதுவரை பார்த்ததில்லை. கோயிலுக்கு வருகிறவர் போல வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் அவரிடம் மதினியைப் பற்றிக் கேட்பேன். எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றுகிறவர் அல்லவா?

குட்டிக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள் சொன்னார். காந்தலூரில் ஒரு பூண்டுத் தோட்டத்தில் மதினியைப் பார்த்தாராம். நான் பெரட்டில் சொன்னதையும், குட்டி உயிரோடு இருப்பதையும் சொன்னாராம். "தண்ணி ஒழுங்காக் குடிக்குதான்னு கேட்டுச்சு அந்தம்மா" என்றார்.

தண்ணீர் விஷயம் மதினிக்கு எப்படித் தெரியும்?

"செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நாம பேசுனதெல்லாம் கேட்டுச்சாம்ல" என்றார் அவர். பிறகு இதையும் சொன்னார்: "நீ வருவேன்னு ராத்திரி வரைக்கும் கதவத் தொறந்தே வச்சிருந்துச்சாம்."

அந்த வாரமே நானும் வீட்டுக்காரரும் காந்தலூருக்கு நடந்தோம். இரண்டு நாள் வழி. பூண்டு எடுத்து முடிந்து, வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்து போயிருந்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

குட்டி பதினாலு வருஷம் இருந்தது. ஒரு மத்தியான வெயிலில் படுத்த இடத்திலேயே, நான் பக்கத்தில் இருக்க, மூச்சு மெதுவாகி நின்றது. சிவப்புத் துண்டுக்காரர்தான் வந்து குழி வெட்டினார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "தானாச் சாகுற பன்னிய இன்னைக்குத்தான் பாக்குறேன் தாயி" என்றார். பன்றிக்கு ஆயுசு எவ்வளவு என்று கேட்டால் இன்று என்னால் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பதினாலில் பத்து வருஷம், அது தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. யாரிடமாவது தப்பாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தால், அடுப்பில் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு, போட்ட துணியோடு அப்போதே எழுந்து போகிறேன், அந்தக் கதவு திறந்திருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே என்று.