பஞ்சாரத்துக்குள் மாட்டிய புது பல்பு

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். ஆடுகள் தனிக் கணக்கு. மழைக்காலத்தில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளைப் பஞ்சாரத்தில், அதாவது கவிழ்த்த மூங்கில் கூடையில், அடைத்து, உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிடுவேன். அந்தச் சூட்டில் தூங்கும்.

போன மழையில் மகன் வீடு முழுக்க எல்.இ.டி. மாட்டினான். பஞ்சாரத்திலும் அதையே மாட்டச் சொன்னேன். விடிந்து திறந்தால், அத்தனை வெளிச்சத்தில், உள்ளே விட்டிருந்த இரண்டு குட்டிகளும் விறைத்துக் கிடந்தன.

"ஆத்தா, இது சுடாது. அதனாலதான் கரண்டு மிச்சமாகுது" என்றான் மகன்.

"இத நேத்தே சொல்றதுக்கென்னலே? அடுப்பப் பத்தவை" என்றேன்.

சாக்கில் சுற்றி, அடுப்பருகே வைத்துத் தேய்த்தேன். வெகுநேரம் கழித்து ஒன்று கத்தியது, பிறகு மற்றதும்.

இப்போது பஞ்சாரத்துக்கு மட்டும் குண்டு பல்புதான். அடியில் கை வைத்து, சூடு தெரிந்த பிறகே குட்டிகளை விடுகிறேன்.

நான் சொல்ல, பேத்தி எழுதினாள். எங்கே தாயி, ஒருதரம் வாசி.